வெளிநாட்டு உளவு: அதிகாரமும் கணக்கும்

(அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)

அரசாங்கம் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மக்கள் பிரதிநிதிகளின் இசைவு தேவை என்பது பாராளுமன்ற ஆட்சி முறையின் அடிப்படைகளுள் ஒன்று. ஒவ்வோர் இலாகாவும் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையுடன் அவையின் முன் வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று உறுப்பினர் கேட்கிறார். அமைச்சர் பதில் சொல்கிறார். பின்னர் தணிக்கை அறிக்கை வருகிறது. கேள்வி கூர்மையாக இல்லாமற் போகலாம். பதில் மழுப்பலாக இருக்கலாம். ஆயினும் ஆண்டு முடிந்தால் பணம் நின்றுவிடும் என்ற ஒரே காரணத்தால் நிர்வாகத்துறை அவையை நாடியே தீர வேண்டியிருக்கிறது.

பிறர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவும், தொலைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்கவும் அரசாங்கத்துக்குள்ள அதிகாரத்தின் நிலை வேறு. ஒரு முறை சட்டம் இயற்றி அதிகாரத்தை அளித்துவிட்டால், பெரும்பாலான நாடுகளில் அது மீண்டும் அவையின் முன் வருவதில்லை. பணத்துக்கு ஆண்டுக் குத்தகை. ஒட்டுக்கேட்கும் அதிகாரத்துக்கோ நிரந்தரப் பட்டா. வெளிநாட்டு உளவு என்று வந்துவிட்டால் பட்டாவின் எல்லைகளும் மூடி வைக்கப்படுகின்றன. உளவு வேண்டாம் என்று பொறுப்புள்ள எவரும் சொல்ல மாட்டார்கள். எல்லைக்கு அப்பால் தீட்டப்படும் சதியை முன்கூட்டி அறிவது அரசின் கடமை. அக்கடமையைச் செய்பவர்களை யார், எவ்வாறு கணக்குக் கேட்பது என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தேடுவோருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரை நூற்றாண்டு அனுபவம் பெரிதும் பயன்படும். அங்கு வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன. இரண்டும் ஆவணங்களாக வெளிவந்துள்ளன.

தந்திகளின் கதை

1945 ஆகஸ்டில் உலகப் போர் முடிந்தது. போர்க்காலத் தணிக்கையின் கீழ் வெளிநாட்டுத் தந்திகளைப் பார்த்துப் பழகிய ராணுவ அதிகாரிகளுக்கு அந்த வசதியை இழக்க மனமில்லை. மூன்று தந்திக் கம்பெனிகளை அணுகி, அமெரிக்காவுக்குள் வரும், வெளியே செல்லும், அதன் வழியே கடந்து போகும் தந்திகளின் பிரதிகளைக் கேட்டார்கள், கம்பெனிகளும் இசைந்தன. இதற்கு நீதிமன்ற ஆணை எதுவும் பெறப்படவில்லை. ‘ஷாம்ராக்’ எனப் பெயரிடப்பட்ட இந்த ஏற்பாடு 1975 மே மாதம் வரை முப்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் பிற்பகுதியில் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியின் ஆய்வாளர்கள் மாதத்துக்குச் சுமார் 1,50,000 செய்திகளைப் பார்வையிட்டு வந்ததாகப் பின்னர் தெரிய வந்தது.

அயல்நாட்டு அரசாங்கங்களின் சங்கேதச் செய்திகளுக்காகத் தொடங்கிய வேலை சொந்தக் குடிமக்கள் மீது எப்படித் திரும்பியது என்பது கவனிக்கத்தக்கது. வியத்நாம் போரை எதிர்த்தவர்கள், சிவில் உரிமைக்காகப் போராடியவர்கள் ஆகியோரின் பெயர்கள் ஒரு பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பெயர்கள் வரும் செய்திகள் தனியே பிரித்தெடுக்கப்பட்டன. எவரும் இதற்கெனப் புதிய இயந்திரம் அமைக்கவில்லை. ஏற்கெனவே குவிந்து கிடந்த தாள்களில் வேறு பெயர்களைத் தேடினார்கள், அவ்வளவே. எதற்காகவோ திரட்டிய தகவல் வேறெதற்கோ பயன்படும் இந்த நழுவல், பின்னால் வந்த ஒவ்வொரு தகராறிலும் தலைகாட்டுகிறது.

1975 ஜனவரியில் செனட் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இடாஹோ மாநில உறுப்பினர் பிராங்க் சர்ச் அதன் தலைவர். அவ்வாண்டு அக்டோபரில் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியின் தலைவர் லூ ஆலன் பகிரங்கமாகச் சாட்சியமளித்தார். அப்பதவி வகித்த ஒருவர் இவ்வாறு வெளிப்படையாகச் சாட்சியமளித்தது அதுவே முதல் தடவை. சர்ச்சின் பெயரே அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது என்பது 2013-இல் வெளியிடப்பட்ட ஆவணங்களிலிருந்து தெரிகிறது. விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவரின் கண்காணிப்பில் இருந்திருக்கிறார்!

குழுவின் பணியால் விளைந்தவை இரண்டு. ஒன்று, செனட்டில் 1976-இலும் பிரதிநிதிகள் சபையில் 1977-இலும் உளவுத்துறைக்கென நிலையான குழுக்கள் ஏற்பட்டன. மற்றொன்று, 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம். இதற்கு வழி திறந்தது 1972-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பாகும். உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்ற ஆணையின்றி ஒட்டுக்கேட்கக் கூடாது என்று கூறிய அத்தீர்ப்பு, அந்நிய அரசுகளின் கையாட்கள் விஷயத்தில் தன் கருத்தை ஒத்தி வைத்திருந்தது. அந்த இடைவெளியைச் சட்டம் நிரப்பியது. அமெரிக்க மண்ணில் ஒருவரது பேச்சை உளவுக்காகக் கேட்க வேண்டுமானால், அவர் அந்நிய அரசு அல்லது அதன் கையாள் என்று நம்பத் தகுந்த காரணத்தை ஒரு தனி நீதிமன்றத்தின் முன் காட்ட வேண்டும். முதலில் ஏழு நீதிபதிகளைக் கொண்டிருந்த அம்மன்றத்தில் 2001 முதல் பதினொருவர் உள்ளனர். அட்டர்னி ஜெனரல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரு சபைகளின் உளவுக் குழுக்களுக்கும் அறிக்கை தர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

ஒரு தரப்பு மட்டும் பேசும் மன்றம்

இந்த நீதிமன்றத்தைப் பற்றி இரு வகை மிகைக் கூற்றுகள் உண்டு. அது வெறும் ரப்பர் முத்திரை என்பார் ஒரு சாரார். 1979 முதல் 2012 வரை 33,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் நிராகரிக்கப்பட்டவை ஒரு டஜனுக்கு மேல் இல்லை என்பது அவர்கள் வாதம். நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி இதற்கு 2013-இல் எழுத்து மூலம் விடையளித்தார்: அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை வந்த விண்ணப்பங்களில் 24.4 சதவீதம் நீதிமன்றத்தின் கேள்விகளுக்குப் பிறகு கணிசமாகத் திருத்தப்பட்டன. நிராகரிப்பின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நீதிமன்றத்தை எடை போடலாகாது என்பது நியாயமே. எனினும் அங்கே பேசுவது அரசுத் தரப்பு ஒன்றுதான். வழக்கறிஞர் தரும் தாளில் ஒரு செய்தி விடுபட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்ட எதிர்த்தரப்பு கிடையாது.

இதன் விளைவு 2019 டிசம்பரில் வெளிப்பட்டது. 2016-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளரின் ஆலோசகராக இருந்தவர் மீது பெறப்பட்ட கண்காணிப்பு ஆணைகளை நீதி இலாகாவின் தலைமை ஆய்வாளர் பரிசீலித்தார். விண்ணப்பங்களில் 17 முக்கியப் பிழைகளும் விடுபாடுகளும் இருப்பதைக் கண்டார். நாட்டின் மிகப் பரபரப்பான விவகாரத்தில், மேலதிகாரிகள் பலர் பார்த்துக் கையெழுத்திட்ட தாள்களின் கதி இது. சாதாரண விண்ணப்பங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அலுவலக நடைமுறை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. அங்கே சரிபார்ப்பவன் மன்னன். மன்னனிடத்தில் நிர்வாகத்துறை அமர்ந்திருக்கும் காலத்தில், சரிபார்க்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு வெளியே போயாக வேண்டும். நீதிமன்றத்தால் அது ஓரளவே இயலுகிறது என்றால், அடுத்து நோக்க வேண்டியது சட்டமியற்றும் சபையை.

தெரிந்தும் பேச இயலாதவர்கள்

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்னர், 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீதிமன்றத்தை நாடாமலேயே ஜனாதிபதியின் ஆணையின் பேரில் ஒரு கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. காங்கிரசில் மிகச் சில தலைவர்களுக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. செனட் உளவுக் குழுவின் துணைத் தலைவர் ராக்பெல்லர் 2003 ஜூலையில் துணை ஜனாதிபதிக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தாம் தொழில்நுட்ப வல்லுநரோ வழக்கறிஞரோ அல்லர் என்றும், தம் அலுவலர்களையோ சட்ட ஆலோசகரையோ கலந்துகொள்ள இயலாத நிலையில் இத்திட்டத்தை ஆதரிக்கவோ மதிப்பிடவோ தம்மால் முடியவில்லை என்றும் அதில் குறிப்பிட்டார். தட்டச்சு செய்யக்கூட உதவியாளரிடம் தர முடியாத கடிதம் அது. அதன் பிரதி ஒன்றை உறையிலிட்டுக் குழுவின் பாதுகாப்பான அறையில் வைத்தார். 2005 டிசம்பரில் பத்திரிகைகள் திட்டத்தை அம்பலப்படுத்திய பிறகே கடிதம் வெளிவந்தது.

சட்டசபை மேற்பார்வையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை விட இந்த ஒரு கடிதம் அதிகம் கற்பிக்கிறது. இரகசியத்தைப் பகிர்ந்துகொள்வதால் உறுப்பினர் மேற்பார்வையாளராகி விடுவதில்லை. கேள்வி கேட்க வழியில்லை. துணைக்கு ஆள் இல்லை. வெளியே சொன்னால் குற்றம். பின்னாளில் ஏதேனும் தவறு வெளிப்பட்டால் மட்டும், ‘காங்கிரசுக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று நிர்வாகத்துறை அவரைக் கேடயமாகப் பிடிக்கும்.

இன்னோர் உறுப்பினரான ராண் வைடன் வேறு வழியில் முயன்றார். தேசபக்திச் சட்டம் எனப்படும் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அரசாங்கம் இரகசியமாகக் கொண்டுள்ள பொருளை அறிந்தால் மக்கள் திகைப்பார்கள் என்று 2011 மே மாதத்தில் செனட்டில் எச்சரித்தார். அது என்ன பொருள் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 2013 மார்ச் 12 அன்று தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய ஏதேனும் தகவலை ஏஜென்சி திரட்டுகிறதா எனப் பகிரங்கமாகக் கேட்டார். இல்லை, தெரிந்தே திரட்டவில்லை என்ற பொருளில் பதில் வந்தது. கேள்வி கேட்டவருக்கு உண்மை தெரியும், பதிலளித்தவருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்குள் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் நாடு முழுவதற்கும் தெரிந்தது: தொலைபேசிக் கம்பெனிகளிலிருந்து யார் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற விவரம் மொத்தமாக ஏஜென்சிக்குப் போய்க் கொண்டிருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம், தாங்கள் கண்காணிக்கப்படுவதாகக் கூறிய மனுதாரர்களின் வழக்கை 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தள்ளியிருந்தது. கண்காணிக்கப்பட்டதை அவர்கள் நிரூபிக்கவில்லை என்பது காரணம். இரகசியக் கண்காணிப்பை அதற்கு இலக்கானவரே நிரூபிக்க வேண்டும் என்றால், பாம்பின் காலைப் பாம்பு மட்டுமே அறியும் என்ற பழமொழிக்கு நீதிமன்ற முத்திரை குத்தியதாகிறது.

காலாவதித் தேதி

இவ்வளவு தோல்விகளுக்கு நடுவில் ஒரு கருவி மட்டும் தொடர்ந்து வேலை செய்திருக்கிறது. அதிகாரத்தை அளிக்கும் சட்டத்துக்கே ஒரு காலாவதித் தேதி குறித்துவிடும் வழக்கம் அது. 2008 ஜூலையில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்துடன் 702-ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அந்நியர்களின் செய்திகளை, தனித்தனி ஆணையின்றி, அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்தே பெற அது வழி செய்கிறது. நீதிமன்றம் ஆண்டுக்கு ஒரு முறை பொதுவான நடைமுறைக்கு ஒப்புதல் அளிக்கும். இப்பிரிவுக்கு 2012 வரை ஆயுள் கொடுக்கப்பட்டது. பின்னர் 2017 வரை, அடுத்து 2023 வரை, இடையில் ஒரு குறுகிய நீட்டிப்பு, 2024 ஏப்ரலில் மேலும் இரண்டாண்டு எனப் புதுப்பிக்கப்பட்டது.

புதுப்பித்தல் சடங்காகிவிடும் அபாயம் உண்டு. 2012-ஆம் ஆண்டு இறுதியில் நடந்தது பெரும்பாலும் சடங்குதான். கடைசி வாரத்தில் அச்சமூட்டி ஒப்புதல் வாங்கும் உத்தியும் உண்டு. சட்டம் காலாவதியானாலும் நீதிமன்றம் கொடுத்த ஆண்டு ஒப்புதல் தன் தவணை முடியும் வரை செல்லும் என்பதை அவ்வாரத்தில் எவரும் நினைவூட்டுவதில்லை. இருப்பினும் தேதி நெருங்கும்போது மட்டுமே பல தகவல்கள் வெளிவருகின்றன என்பதை மறுக்க இயலாது. நிர்வாகத்துறை வாக்குகளைத் தேடி வருகிறது. உறுப்பினர்கள் விலை கேட்கிறார்கள். விலை பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவும் கட்டுப்பாடுகளாகவும் கொடுக்கப்படுகிறது.

பொருளாதார மாணவர்களுக்கு மிகவும் உகந்த உதாரணம் தொலைபேசி விவரத் திட்டமே. ஸ்னோடன் விவகாரத்துக்குப் பிறகு, அந்தரங்க உரிமை, சிவில் சுதந்திர மேற்பார்வை வாரியம் அத்திட்டத்தை ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை அளித்தது. பயங்கரவாத விசாரணை எதிலும் அது முடிவை மாற்றியதாக ஒரு நிகழ்ச்சியும் காணோம் என்பது அதன் கண்டுபிடிப்பு. தேசபக்திச் சட்டத்தின் அப்பிரிவு 2015-இல் காலாவதியாக இருந்தது. தேதி வந்தது, பேரம் நடந்தது, அவ்வாண்டு ஜூன் 2 அன்று நிறைவேறிய சட்டம் மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தியது. விவரங்கள் கம்பெனிகளிடமே இருக்கும், ஆணை பெற்று அவற்றிலிருந்து கேட்டுப் பெறலாம் என்ற குறுகிய திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இரகசிய நீதிமன்றத்தில் எதிர்வாதம் எடுத்துச் சொல்ல வழக்கறிஞர்களை நியமிக்கும் ஏற்பாடும் இச்சட்டத்தில்தான் வந்தது.

குறுகிய திட்டமும் எப்படி நடந்தது? 2017-இல் 40 பேரைக் குறி வைத்து 53 கோடிக்கு மேற்பட்ட அழைப்பு விவரங்கள் வந்து சேர்ந்தன. 2018-இல், பெறத் தகாத விவரங்களும் கலந்து வந்துவிட்டதைக் கண்ட ஏஜென்சி, 2015 முதல் சேர்ந்த அனைத்தையும் அழிக்கத் தொடங்கியது. வாரியம் 2020 பிப்ரவரியில் கணக்கை வெளியிட்டது. நான்காண்டுச் செலவு சுமார் 10 கோடி டாலர். விளைந்தவை 15 உளவு அறிக்கைகள். அவற்றுள் வேறு வழியில் கிடைக்காத செய்தி கொண்டவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றினால் மட்டும் ஒரு விசாரணை தொடங்கியது. 2020 மார்ச்சில் அப்பிரிவு மீண்டும் காலாவதியாயிற்று. காங்கிரஸ் அதைப் புதுப்பிக்கவில்லை.

எந்த வளர்ச்சித் திட்டத்துக்கும் செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். உளவுத் திட்டத்தில் பயனைச் சொல்பவர் அதை நடத்துபவரே. செலவின் பெரும் பகுதியை, அதாவது அந்தரங்க இழப்பை, ஏற்பவருக்குத் தாம் ஏற்றதே தெரியாது. சந்தை விலை இல்லாத இப்பண்டத்துக்கு விலை கேட்கும் ஒரே நாள் காலாவதி நாள். அந்த நாள் குறிக்கப்பட்டிராவிட்டால் 10 கோடி டாலருக்கு ஒரு விசாரணை என்ற கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை செய்த வேலை

702-ஆவது பிரிவைப் பற்றி அதே வாரியம் வேறு முடிவுக்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பயனுள்ள திட்டம் என்றே 2014 ஜூலையில் கூறியது. குறிக்கப்பட்ட அந்நியர்களின் எண்ணிக்கை 2013-இல் 89,138 ஆகவும் 2023-இல் 2,68,590 ஆகவும் இருந்தது. அந்நியர் ஒருவர் அமெரிக்கரோடு பேசினால் அமெரிக்கரின் பேச்சும் சேர்ந்து வரும். அவ்வாறு சேர்ந்த குவியலில் எப்.பி.ஐ. அதிகாரிகள் அமெரிக்கர்களின் பெயரால் தேடலாமா, தேடினால் நீதிமன்ற ஆணை வேண்டுமா என்பதே சர்ச்சை. ஷாம்ராக் காலத்துத் தாள்களில் நடந்த அதே தேடல், இப்போது கணிப்பொறியில்.

முறையற்ற தேடல்கள் ஏராளம் நடந்ததை 2023 மே மாதத்தில் வெளியிடப்பட்ட நீதிமன்ற ஆவணம் காட்டியது. காங்கிரஸ் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நன்கொடை அளித்த 19,000 பேரின் பெயர்களை ஒரே தொகுதியாகத் தேடியதும் அவற்றுள் ஒன்று. 2021 நவம்பர் வரையான ஓராண்டில் அமெரிக்கர்களின் பெயரால் நடந்த தேடல்கள் ஏறத்தாழ 30 லட்சம். அடுத்த ஆண்டு 1,19,383. அதற்கு அடுத்த ஆண்டு 57,094. சரிவுக்கு ஒரு காரணம் ஒரு சிறிய மாறுதல். முன்பு அதிகாரி எதைத் தேடினாலும் கணிப்பொறி இந்தக் குவியலையும் தானாகவே சேர்த்துத் தேடும். 2021-இல் அதை மாற்றி, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தால் மட்டும் தேடும்படி அமைத்தார்கள். 30 லட்சம் தேடல்களில் பல யாரும் நினைத்துச் செய்தவை அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. எண்ணும் கட்டாயம் இல்லாதிருந்தால் இந்த மாறுதலுக்கு அவசரம் ஏற்பட்டிருக்காது.

2024 ஏப்ரல் 12 அன்று, இத்தேடலுக்கு நீதிமன்ற ஆணை கட்டாயம் என்ற திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமமானதால் திருத்தம் தோற்றது. ஆனால் நிர்வாகத்துக்கு இரண்டாண்டே கிடைத்தது. குற்றச் சான்றுக்காக மட்டும் தேடுவது தடை செய்யப்பட்டது. மறு பக்கம், தகவல் தரக் கடமைப்பட்ட கம்பெனிகளின் வரையறையும் அதே சட்டத்தில் விரிந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் வழக்கம் எல்லாச் சட்டமன்றங்களுக்கும் பொது. இவ்வளவு கணக்குகளை வெளிக்கொணர்ந்த அந்தரங்க உரிமை வாரியமோ, 2025 ஜனவரியில் அதன் உறுப்பினர் மூவரை ஜனாதிபதி நீக்கியதால் கோரம் இழந்தது. வாரியங்களைக் கலைக்கலாம், காலாவதித் தேதியை நீக்கச் சட்டம் வேண்டும்.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்

இவை எல்லாம் அமெரிக்கக் குடிமகனின் அந்தரங்கம் பற்றியவை. சென்னையிலோ கான்பூரிலோ இருந்து அமெரிக்கக் கம்பெனியின் மின்னஞ்சலைப் பயன்படுத்துபவர் அச்சட்டத்தின் கண்ணில் அந்நியர். அவருக்காகக் காங்கிரசில் வாக்கில்லை. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2020 மே 19 அன்று வேறு வழியில் சென்றது. ஜெர்மன் அரசு எங்கே செயல்பட்டாலும் அதன் அரசியல் சட்டம் கூடவே செல்கிறது, ஆகவே வெளிநாட்டிலுள்ள அந்நியரும் அந்தரங்கப் பாதுகாப்பு பெறுவர் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உளவுச் சட்டம் திருத்தப்பட்டு, 2022-இல் நீதிபதிகளைக் கொண்ட சுயேச்சையான கட்டுப்பாட்டு மன்றம் ஒன்று இயங்கத் தொடங்கியது.

அமெரிக்காவும் அந்நியர் சிலருக்கு மட்டும் ஒரு பரிகாரம் தந்தது. வாணிபம் அதற்குக் காரணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூலையில் ஐரோப்பியரின் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒப்பந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. கம்பெனிகளின் தொழில் ஆட்டம் கண்டது. 2022 அக்டோபரில் ஜனாதிபதி ஆணை ஒன்றின் மூலம், குறிப்பிட்ட நாட்டவர் முறையிடத் தனி மன்றம் ஏற்பட்டது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு உரிமை கிடைத்தது.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் ஒட்டுக்கேட்பு அதிகாரம் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், அந்த அதிகாரத்துக்கு வரம்புகள் விதித்தது: உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு, இரண்டு மாதத் தவணை, செயலாளர்கள் கொண்ட மறு ஆய்வுக் குழு. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் பழைய ஏற்பாட்டின் சாரத்தைத் தொடர்கின்றன. மத்தியில் மறு ஆய்வுக் குழுவின் தலைவர் அமைச்சரவைச் செயலாளர். உத்தரவிடுபவரும் மறு ஆய்வு செய்பவரும் நிர்வாகத்துறையினரே. உளவு நிறுவனங்களைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர 2011-இல் மக்களவையில் அறிமுகமான தனி உறுப்பினர் மசோதா நிறைவேறவில்லை.

அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவதில் பயனில்லை. பாராளுமன்ற முறையில் ஆளுங்கட்சிப் பெரும்பான்மை காலாவதிச் சட்டத்தை ஒரே பிற்பகலில் புதுப்பித்துவிடக் கூடும். மறு ஆய்வுக் குழுவின் பளுவை நோக்கினால் முதலில் செய்யத்தக்கது எது என்று புலப்படும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த அறிக்கையில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் மறு ஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டியிருப்பதாகக் குறிப்பிட்டது. ஓர் உத்தரவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 250 மணி நேரம் ஆகும். நாட்டின் மிக உயர்ந்த செயலாளர்கள் மூவருக்கு வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் போதாது.

இதை அறிந்த பிறகும் பாராளுமன்றத்தின் முன் ஒரு தாள்கூட வைக்கப்படாமலிருக்கக் காரணம் இல்லை. ஆண்டில் பிறந்த உத்தரவுகள் எத்தனை. முதல் தவணைக்கு மேல் நீட்டிக்கப்பட்டவை எத்தனை. அவசரமென்று முன்னதாகச் செயல்பட்டுப் பின்னர் உறுதி செய்யப்படாதவை எத்தனை. மறு ஆய்வுக் குழு கூடிய நாட்கள் எத்தனை. அது ரத்து செய்தவை எத்தனை. இந்த ஐந்து எண்களில் எந்தப் பெயரும் இல்லை, எந்த முறையும் வெளிப்படாது. உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையோடு சேர்த்து இவற்றை அவையில் வைக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய வாரியமோ வேண்டியதில்லை; 2024-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு துணைவிதி போதும்.